பச்சரிசி ஒட்டிய கை

அண்ணி,

இன்று லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரத்ததான முகாம். விரலைக் குத்துவதற்காக ஒரு பெண் இடது கையை நீட்டினாள். உள்ளங்கையில் நாலைந்து பச்சரிசி ஒட்டியிருந்தது. வெட்கத்தோடு சேலையில் துடைத்துவிட்டுத் திரும்ப நீட்டினாள். குனிந்தபோது அவளிடமிருந்து மெல்லிய மாவு வாசம் வந்தது. உங்களிடமிருந்து வரும் அதே வாசம். விரலைக் குத்தாமல் அவள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நம் வீட்டில் அரிசி வாளியின் மூடிச் சத்தம் கேட்டால் அது நீங்கள்தான். கொழுந்து பறிக்கப் புறப்படும்போது ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொள்வீர்கள். பச்சரிசி மென்றால் கல்யாணத்தில் மழை வரும் என்று நம் லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள். அண்ணன் உங்களை அதை வைத்தே சீண்டுவான். "ஒனக்குத்தான் கல்யாணம் முடிஞ்சிருச்சே. இனி யாரு கல்யாணத்துக்கு மழை பெய்யணும்?"

நீங்கள் மெல்வதை நிறுத்தாமல் என் பக்கம் கண்ணைக் காட்டுவீர்கள். "பாப்பா கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை வீட்டாளுக நனைஞ்சிக்கிட்டே வரட்டும்."

நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்போது நான் தாதிப் படிப்பை முடித்துவிட்டு, பதுளையில் இரத்த வங்கி வேலையில் இருந்தேன். அரிசி, மண், ஐஸ்கட்டி என்று தின்னத் தோன்றுவது உடம்பில் இரும்பு குறைவதன் அடையாளமாக இருக்கலாம் என்று பரீட்சையில் எழுதி முழுப் புள்ளி வாங்கியவள். ஆனால் அது பாடத்தில் வரும் யாரோ ஒரு பெண்ணின் கதை. நம் அடுப்படியில் நின்று மெல்லுகிற உங்களைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை, தவறாமல் இரத்தம் கொடுத்தீர்கள். பக்கத்துத் தோட்டமான ஸ்பிரிங்வெளியில் முகாம் என்றால் அங்கே நடந்தே போனீர்கள். பக்கத்தில் எதுவும் இல்லாத தடவை பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்தீர்கள். எதற்காக என்று ஒருநாள் கேட்டேன். புண்ணியம் என்று சொல்வீர்கள் என நினைத்திருந்தேன்.

"வேற எங்க பாப்பா நம்மள படுங்கன்னு சொல்றாங்க? பேரு சொல்லிக் கூப்பிட்டு, கையப் புடிச்சி படுக்க வைக்கிறாங்க. பகல்ல லயத்துல செத்த படுத்தா, என்னடி வயித்துல புள்ளையான்னு கேக்குறாளுக."

அன்று அதையும் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். அந்த முகாம் கட்டிலில் ஒரு கால் மணி நேரம் கண்ணை மூடிக் கிடப்பதற்காக நீங்கள் கொடுத்தது எவ்வளவு என்று இப்போது தோன்றுகிறது.

கடைசி முகாம் நம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்தது. துளி பார்க்கும் மேசையில் நான்தான் இருந்தேன். நீல நிறக் கரைசலில் ஒரு துளி இரத்தத்தை விடுவோம். மூழ்கினால் இரத்தம் எடுக்கலாம். மிதந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவோம். உங்கள் துளி பாதி வழி இறங்கி, அங்கேயே நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன பாப்பா, யோசிக்குதா?" என்றீர்கள்.

பிறகு அது மெதுவாக இறங்கி அடியைத் தொட்டது. விதிப்படி சரிதான். படிவத்தில் சரி என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். அதற்கு முந்தைய வாரம்தான், படுத்தால் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, மலை ஏறினால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லியிருந்தீர்கள். மலை ஏறினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது என்று பதில் சொன்னவள் நான்.

அந்தத் துளி காட்டுவது அன்றைக்கு இரத்தத்தில் ஓடுவதை மட்டும். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பு முதலில் தீரும். இரத்தம் வெளுப்பது அதற்குப் பிறகுதான். சட்டியில் சோறு இருக்கும், வாளியில் அரிசி இருக்காது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் சட்டியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு உங்களைக் கட்டிலுக்கு அனுப்பினோம். வாளியைப் பார்க்க பெரிட்டின் என்று தனியாக ஒரு சோதனை உண்டு. நான் கேட்டிருந்தால் எடுத்திருப்பார்கள்.

இரத்தம் எடுத்த பிறகு இரும்பு மாத்திரை தருவோம். நீங்கள் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. சோறு தின்றதும் மாத்திரையை வாயில் போட்டு, கொதிக்கக் கொதிக்கப் பாலில்லாச் சாயத்தேத்தண்ணியை ஒரு மடக்கு குடிப்பீர்கள். நம் வீடுகளில் எந்த மாத்திரையும் தேத்தண்ணியோடுதான் இறங்கும். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரை யார் குடிப்பார்கள்? தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது என்பதும் எனக்குத் தெரிந்த பாடம்தான். லீவில் வந்திருந்த நாட்களில் உங்களுக்கு அந்தத் தேத்தண்ணியை ஊற்றித் தந்தது என் கைதான், அண்ணி.

இரண்டு மாதம் கழித்து, கொழுந்துச் சாக்கோடு, எடை போடும் மடுவத்துக்குப் போகும் கல்படியில் விழுந்தீர்கள். தலையில் அடி. கூட வந்தவர்கள், கண்ணை இருட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே உட்காரப் போனீர்கள் என்றார்கள். காலையில் மழை பெய்திருந்தது, படியெல்லாம் பாசி, சாக்கும் கனம். எது உங்களைத் தள்ளியது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இரத்த ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து, இவர் இரத்தம் கொடுக்கிறவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சேர்த்து வைத்த இரும்பு மிச்சமே இல்லை என்று ரிப்போர்ட்டைக் காட்டினார். மறுநாள் நீங்கள் இல்லை.

அண்ணன் இன்னும் அந்தப் படியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறான். கருமாதி முடிந்த கையோடு கத்தியை எடுத்துப் போய்ப் பாசியைச் சுரண்டினான். இரண்டு வருடமாக மழைக்காலம் வந்தால் போய்ச் சுரண்டுகிறான். அந்த ரிப்போர்ட்டில் இருந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் சொல்லிவிட நினைப்பேன். அவன் கத்தியைக் கழுவிக்கொண்டிருப்பான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவேன்.

இன்று அந்தப் பெண்ணின் துளி தயங்கவே இல்லை. நேராகப் போய் அடியில் உட்கார்ந்தது. அவளுடைய அட்டையில் நான்கு மாதத்துக்கு ஒரு முத்திரை, ஒழுங்காக. நான் பேனாவை எடுக்கவில்லை. அரிசி எத்தனை நாளாகத் தின்கிறாய், படுத்தால் கால் இழுக்கிறதா, மாத்திரையை எதோடு குடிக்கிறாய் என்று கேட்டேன்.

"தேத்தண்ணியோடதான் மிஸ். வேற எதோட குடிக்கிறது?"

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். இன்றைக்கு இரத்தம் எடுக்க வேண்டாம், பெரிட்டின் பார்க்க ஒரு குழாய் மட்டும் எடுத்து அனுப்புவோம் என்றார். திரும்பி வந்து அவளிடம் விளக்கியபோது முகம் விழுந்துவிட்டது. துளி மூழ்கியதைத் தானே பார்த்ததாக வாதாடினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்ப நான் படுக்கத் தேவையில்லையா, மிஸ்?"

ஒரு குழாய் இரத்தத்தை நாற்காலியில் வைத்தே எடுத்துவிடலாம். நான் அவளைக் கட்டிலுக்குக் கூட்டிப் போனேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துப் படுக்க வைத்தேன். எடுத்து முடிந்ததும் எழுந்திருக்கப் போனாள். கொஞ்சம் படு என்றேன். கண்ணை மூடியவள் அப்படியே தூங்கிப்போனாள். கட்டில் வேண்டும் என்று இரண்டு முறை வந்து கேட்டார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

குழாயின் மேல் அவள் பெயரை எழுதியது நான்தான். முடிவு அடுத்த வாரம் வரும். எதுவாக இருந்தாலும் அவள் லயத்துக்கு நானே கொண்டுபோகப் போகிறேன். திரும்பும்போது நம் தோட்டத்துக்கும் போவேன். அண்ணன் வீட்டில் இருப்பான்; ரிப்போர்ட்டில் இருந்ததை இந்த முறை சொல்லிவிட வேண்டும். போன முறை போனபோது, அரிசி வாளிக்கு மேல் அவன் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருந்தான். அந்த மூடிச் சத்தம் இனிக் கேட்கக் கூடாது என்பதற்காக இருக்கும்.

உங்கள் துளி நீலத்தின் நடுவில் நின்ற அந்த நேரம், அண்ணி, எனக்குள் இன்னும் இறங்கவில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டுதான் ஒவ்வொருவர் விரலையும் பிடிக்கிறேன்.