மெதுவாக ஆடும் செம்பா

அன்புள்ள எர்மெலிந்தா,

ஹுவாம்போவில் குளிர் எப்படி? பிள்ளைகள் நலமா? லுவாண்டாவில் நான் நலம். முழங்கால் மட்டும் வலிக்கிறது.

நம் கல்யாணத்தில் செம்பா நடனம் ஆடத் திணறிய என்னைப் பார்த்து உன் அண்ணன் சிரித்ததை நான் மன்னிக்கும்வரை இங்கே வரமாட்டேன் என்றாய். இப்போது அதே செம்பாவை மெதுவாக்கி, கரீபியன் தீவுகளின் சூக் இசையில் குழைத்து, கிசோம்பா என்கிறார்கள். ஞாயிறு விருந்தில், நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா பிலோ என்னை ஆட இழுத்துவிட்டார்.

"கீழ என்ன தேடுறீங்க வாத்தியாரே, சாக்பீஸா? நெஞ்சால வழி காட்டுங்க, நான் வந்துடுவேன்!"

பாட்டு முடியும்வரை ஆடினேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆடுவதற்கு என் கறுப்பு ஷூ வேண்டும். தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. அண்ணனையும் கூட்டி வா. அவருக்கு வேகமாக மட்டும்தான் ஆடத் தெரியும். இதை நான் சொல்லித் தருகிறேன்.

பள்ளி மணி அடிக்கிறது.

உன்
ஜோவாகிம்