கூட்டம் இல்லாத வாரம்

இன்று காலை வாசற்கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. பனி விழுந்த காற்றுக்குத் தனி வாசனை உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அது ஃப்ரீசரைத் திறந்தால் வரும் வாசனைதான். டெக்சாஸ் என்றும் பாராமல் ஃபிரிஸ்கோவில் இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. தெருக்கோடியில் மழைத்தண்ணீர் தேங்கும் குளத்துச் சரிவில் பிள்ளைகள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டுச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். காபி டம்ளரோடு அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன மாதம் மலைக்குப் போய்வந்ததை உங்களிடம் இன்னும் சொல்லவில்லையே என்று தோன்றியது.

நமக்குள் பெரிய சண்டை என்று எதுவும் வந்ததில்லை. ஸ்கீயிங்குக்கு எந்த மாதம் போவது என்பதில் மட்டும் ஒரு வருஷம்கூட நாம் ஒத்துப்போனதில்லை. நம் பெண் மிது பள்ளியில் படித்தவரை நமக்கு வேறு வழியில்லை. மார்ச் மாதம், பள்ளிக்கு ஸ்பிரிங் பிரேக் லீவு. டல்லாஸ் சுற்றுவட்டாரமே காரை எடுத்துக்கொண்டு நியூ மெக்சிகோ மலைக்குக் கிளம்பிவிடும். வழியில் அமரில்லோவில் காபி வாங்க நிற்கும் வரிசையிலேயே நம் தெருக்காரர்களைப் பார்ப்போம்.

"மார்ச்சுல போறதெல்லாம் ஒரு ஸ்கீயிங்கா அம்மிணி?" என்பீர்கள். "காலைல பாறையாட்டம் இருக்குது, மத்தியானம் ஆனா தோச மாவாட்டம் ஆயிருது. மேல போற லிஃப்ட்டுக்கு நிக்கற நேரத்துல பழனிக்கே போயிட்டு வந்தர்லாம். ஜனவரில போகோணும். நியூ இயர் கூட்டமெல்லாம் எறங்கிப் போனதுக்கப்புறம். பனி ரவையாட்டம் உதிரி உதிரியாக் கெடக்கும். மலையே நம்முளுது."

"ஜனவரிக் குளுருல நீங்க வெறைச்சுப் போய்க் கெடந்தா யாரு தூக்கியாறது? மார்ச்சுன்னா வெயிலாவது அடிக்கும்" என்பேன்.

எனக்கு அந்த வெயில்தான் கணக்கு. நான் ஒருநாளும் ஸ்கீயைக் காலில் மாட்டியதில்லை. நீங்களும் மிதுவும் ஆலன் ஊரில் இருக்கும் நம் நண்பர்களும் மேலே போனதும், அடிவாரத்து லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர மேசையைப் பிடித்துக்கொள்வேன். நான்கு குடும்பத்து ஷூக்களும் பைகளும் என்னைச் சுற்றிக் கிடக்கும். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி, டப்பாவில் எலுமிச்சம் சாதம். "கோயிலு செருப்பு ஸ்டாண்டுல உக்காந்திருக்கறாப்டி இருக்குது" என்று வருஷா வருஷம் அதே கேலியைச் செய்வீர்கள். நான் வருஷா வருஷம் சிரிப்பேன்.

மிது ஆஸ்டினுக்குக் காலேஜ் படிக்கப் போனதும் உங்கள் ஆட்டம் தாங்க முடியவில்லை. ஜனவரியில் பள்ளிகள் திறந்துவிடும், காலேஜ் மட்டும் இன்னும் லீவில் இருக்கும். அந்த ஒரு வாரத்தைக் கண்டுபிடித்து, ஆகஸ்டு மாத வெயிலில் உட்கார்ந்து மலையில் தங்க ஒரு கேபின் புக் பண்ணினீர்கள். "இனி ஸ்கூல் காலண்டர் நம்மள ஒண்ணும் பண்ண முடியாது." நானும் முனகிக்கொண்டே தடிமனாக ஒரு கோட்டு வாங்கினேன்.

செப்டம்பரில் ஒரு நாள் பேட்மின்டன் ஆடப் போனீர்கள். ஆட்டத்தின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாக உங்கள் கூட்டாளி போன் பண்ணினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டிசம்பரில் கேபின்காரர்களிடமிருந்து உங்கள் பெயருக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் வருகையை ஆவலோடு எதிர்பார்க்கிறார்களாம். கேன்சல் பண்ணிவிடலாம் என்று மிதுவிடம் சொன்னேன்.

"பண்ணாத அம்மா. ப்ளீஸ். ஐ வான்ட் டு கோ" என்றாள். அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

கரூரிலிருந்து உங்கள் அக்கா வீடியோ காலில் வந்தபோது, மலைக்குப் போவதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "எழவு விழுந்த ஊடு கண்ணு. ஒரு வருசம் மலை ஏறக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்கும் அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அதைக் கேட்டு மிது தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து அக்காவே மறுபடி கூப்பிட்டார். அழுதிருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது. "ரோசன பண்ணிப் பாத்தேன் கண்ணு. அது சாமி இருக்கற மலைக்குச் சொன்னது. இது எந்தம்பி போகோணும்னு ஆசப்பட்ட மலை. புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டு வா. எங்கிட்டக் கேட்டேன்னு யாருகிட்டயும் சொல்லாத."

அப்படித்தான் கிளம்பினோம். மிதுதான் வழி முழுக்க டிரைவ் பண்ணினாள். அமரில்லோவில் காபிக்கு வரிசையே இல்லை.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கும்படி காற்று. லிஃப்ட் எதுவும் ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். நாள் முழுக்கக் கேபினுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தோம்.

"அப்பா ஜனவரில எப்பவாச்சும் இங்க வந்திருக்காரா?" என்று மிது கேட்டாள்.

"இல்லியே."

"தென் ஹௌ டிட் ஹி நோ? இத்தன வருஷம் அவ்ளோ கான்ஃபிடென்ட்டா சொன்னாரே?"

யாராவது ஆபீசில் சொல்லியிருப்பார்கள் என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. செப்டம்பருக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். உங்களை நினைத்துச் சிரித்தோம் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த நாள் காற்று அடங்கியது. அதற்கப்புறம் எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருந்தது. வானம் கழுவித் துடைத்த மாதிரி. பனியைக் கையில் அள்ளினால் ஒட்டாமல் உதிர்ந்தது. சரிவுகளில் ஆளே இல்லை. மிது மேலே போனதும் நான் லாட்ஜில் என் பழைய மேசைக்குப் போனேன். எல்லா மேசையும் காலியாக இருந்தது. காவல் காக்க ஒரு ஜோடி ஷூ மட்டும்.

அங்கே உட்கார முடியவில்லை. ஸ்கீ தெரியாதவர்களும் கேபிள் காரில் உச்சிக்குப் போகலாம் என்று நீங்கள் பலமுறை கூப்பிட்டும் நான் போனதில்லை. அன்று எழுந்து போனேன். வாசலில் நின்ற பையன் ஒரு விரலைக் காட்டி, "சிங்கிள்?" என்று கேட்டான். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்றுதான் கேட்டான். எனக்கு அது தெரியும். இருந்தும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அதுவரை யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. "யெஸ்" என்றேன். எட்டுப் பேர் உட்காரும் பெட்டியில் என்னை மட்டும் ஏற்றிக் கதவைச் சாத்தினான்.

உச்சியில் இருக்கும் சிறிய காபிக் கடைக்கு மிதுவை வரச் சொல்லியிருந்தேன். வந்தாள். பனிக்கண்ணாடியைக் கழற்றியபோது கண் சிவந்திருந்தது.

"என்னாச்சு சாமி? விழுந்துட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள். கையுறையைக் கழற்றாமலே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐ கீப் ஸ்டாப்பிங் அம்மா. ஒவ்வொரு தடவையும் கீழ போயி, திரும்பி நின்னு மேல பாக்கறேன். அப்பா எப்பவும் ஸ்லோவா எனக்குப் பின்னாடிதான வருவாரு? அவரு வர்ற வரைக்கும் நான் வெயிட் பண்ணுவேன். இப்ப பாத்தா யாருமே இல்ல. லிட்டரலி, அந்தச் சரிவு முழுக்க ஒருத்தர்கூட இல்ல."

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் நான் லாட்ஜுக்குள் உட்கார்ந்திருந்தேன். அவள் வேகமாக இறங்கி வந்து உங்களுக்காகக் காத்து நின்றதையும், நீங்கள் வளைந்து வளைந்து வந்து சேர்ந்ததையும் ஒருநாளும் பார்த்ததில்லை. நீங்களும் சொன்னதில்லை.

அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கடையின் ஜன்னல் வழியே பார்த்தேன். வெள்ளையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் மலை இறங்கிப் போயிற்று. அழகாகத்தான் இருந்தது. நீங்கள் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அந்த அமைதியை நீங்கள் மூன்று பேருக்காகக் கேட்டீர்கள். இரண்டு பேரால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு குழந்தை கீழே விழுந்து கத்தினால் தேவலை, யாராவது வரிசையில் இடித்துத் தள்ளினால் தேவலை என்றிருந்தது. மீதி நாட்களில் மிது அரை நாள்தான் சறுக்கினாள். மத்தியானங்களில் இருவரும் சீட்டு விளையாடினோம்.

ஊருக்கு வந்த பிறகு ஆலன் நண்பர்கள் போன் பண்ணினார்கள். இந்த மார்ச்சிலும் அதே மலைக்குத்தான் போகிறார்களாம். தயங்கித் தயங்கி, "நீங்களும் வர்றீங்களா? கூட்டமா இருக்கும்தான், பரவால்லையா?" என்று கேட்டார்கள். கூட்டம் இருப்பதால்தான் வருகிறோம் என்று சொன்னேன். மிதுவுக்கும் அந்த வாரமே லீவு. அவளிடம் சொன்னேன். "அப்பாவுக்குப் புடிக்காதே" என்றாள். "அவருகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

அதைத்தான் இப்போது சொல்கிறேன். ஜனவரிப் பனிதான் நல்ல பனி. யார் கேட்டாலும் இனி உங்கள் பக்கம்தான் பேசுவேன். ஆனால் நாங்கள் மார்ச்சில்தான் போகப்போகிறோம். இந்த முறை பைகளை எல்லாம் லாக்கரில் போடச் சொல்லிவிட்டேன். மிது இறங்கி வந்து நிற்கும் இடத்தில், வெளியே, பனியில் நிற்கப் போகிறேன். அவள் திரும்பி மேலே பார்ப்பாள். பார்த்துக்கொள்ளட்டும். பார்த்து முடித்ததும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

மார்ச் என்றாலும் குளிரும்தான். சமாளித்துக்கொள்கிறேன்.