களைத்துப்போனவர் எடுத்த படம்

பெப். 3, 2004. செவ்வாய்

குளிர் மறை 19. காற்று வேறு. நான் பிள்ளை பராமரிக்கிற கார்டெரியில் ஒருவரையும் வெளியே விடவில்லை. நாள் முழுக்கப் பதினொரு பேரின் சத்தம் ஒரே அறைக்குள். மூன்று மணிக்கு வீடு. அண்ணை காலைக் கஞ்சியைத் தொடவில்லை.

தாதி வந்து போயிருக்கிறார். வலி மருந்து இனி நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். ஈரல் முழுக்கப் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை.

வாங்க: ரவை, தோடம்பழம், வாய்ப்புண்ணுக்கு ஏதாவது, குசினிக்கு பல்ப்.

சாப்பாடு வேண்டாம் என்றவர் ஒரு படம் கேட்டார். வீடு முழுக்க அவருடைய வீடியோ கசெற்றுகள்தான். அதில் இல்லாத ஒன்று.

"கிழவரின்ரை படம். அந்தக் கடற்கரை விடுதி. நூலகத்திலை கேட்டுப்பார், தங்கச்சி."

கிழவர் என்றால் அண்ணையின் ஆள். வட ஐரோப்பியப் பெரிய இயக்குநர், செத்து எத்தனையோ வருடம். போரும் கடவுளும் குதிரைகளும் வருகிற அவருடைய பெரிய படங்களைப் பற்றி அண்ணை எழுதாத சிற்றிதழ் இல்லை. இந்த ஒன்றை மட்டும், இளம் வயதில் கொழும்பில் ஒரு திரைப்படச் சங்கத்தில் பார்த்துவிட்டு, 'களைத்துப்போனவர் எடுத்த படம்' என்று தலைப்புப் போட்டுக் கிழித்தவர்.

"பிடிக்காத படம் என்னத்துக்கு இப்ப?"

"பெரிய படங்கள் ஒண்டும் ஞாபகம் வருகுதில்லை. உதுதான் வருது. கோட்டுத் தெறி பூட்டுற ஒரு கை. ஒவ்வொரு நாளும் வருது."

பெப். 6, வெள்ளி

படம் கிடைத்தது. பிரெஞ்சுக் குரல் மட்டும், எழுத்து ஒன்றும் ஓடாது. நூலகப் பெண் கசெற்றைத் துடைத்துத் தந்தாள். கனகாலமாக யாரும் எடுக்கவில்லையாம்.

அண்ணைக்குப் பிரெஞ்சு வராது. செயின்ட்-லோரன்டில் பதினாறு வருடம் கிடங்கு வேலை, அதற்குத் தேவைப்பட்டது முப்பது சொல். எனக்குத் தெரிந்ததோ கார்டெரிப் பிரெஞ்சு. மூக்கைத் துடை, சப்பாத்தைப் போடு, தள்ளாதே. சொன்னேன்.

"அவ்வளவு காணும். நீ சொல்லு, நான் பாக்கிறன்."

பெப். 7, சனி

மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போட்டோம். இருபத்தைந்து நிமிடத்தில் களைத்துவிட்டார்.

கதை இவ்வளவுதான். ஓய்வுபெற்ற ரயில்வே கிளார்க், நாற்பது வயது மகள். பழைய வீட்டை விற்கக் கடற்கரை ஊருக்கு வருகிறார்கள். குளிர்காலம், எல்லாம் பூட்டு. விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவேண்டிய நொத்தாரிசு பனியில் எங்கோ மாட்டிக்கொண்டார். விடுதி அறையில் காத்திருக்கிறார்கள்.

கோட்டின் பொத்தானைப் பூட்டும் அந்தக் கை முதல் பத்து நிமிடத்திலேயே வந்தது. அது மகளின் கை. தகப்பனுக்குப் பூட்டிவிடுகிறாள். கிழவன் தானே பூட்டுவதாக அண்ணை இத்தனை நாளும் நினைத்திருந்தாராம்.

"கடலைக் கவனிச்சனியோ?"

"எங்கை கடல்? காட்டவே இல்லையே."

"அதுதான். கிழவர் முந்தியெண்டால் கடலைக் காட்டாமல் விட்டிருக்கமாட்டார். இதிலை சத்தம் மட்டும். சோம்பலெண்டு எழுதினனான்." கண்ணை மூடிக்கொண்டார். "அந்த ரெண்டு பேருக்கும் கடல் பாக்கிற மனநிலை இல்லை. அதாலை எங்களுக்கும் இல்லை."

நான் ரவையைக் கிண்டப் போனேன். ஏழு கரண்டி சாப்பிட்டார்.

பெப். 9, திங்கள்

சபா அண்ணை வந்தார். மாதப் பத்திரிகை நடத்துகிறவர். பதினைந்து வருடமாக அண்ணையிடம் கட்டுரை வாங்க வருகிறார், என்னிடம் தேத்தண்ணி குடிக்கிறார். செயின்ட்-மிஷேலில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தாராம், காதெல்லாம் சிவப்பு. அழக்கூடாது என்று முடிவுசெய்து வந்தவரின் முகம்.

"மறுப்பு ஒண்டு தாறன்," என்றார் அண்ணை.

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

இனி அண்ணை சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். கொப்பி வாங்கியாயிற்று. முதல் வரி: 'முப்பது வயதில் ஒரு முதியவரின் படத்தைப் பார்த்து, அவருக்குப் பலம் போய்விட்டது என்று எழுதினேன். பலம் போனது உண்மை. அதைக் கொண்டே அவர் ஒரு படம் எடுத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை.'

சபா அண்ணை கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார்.

பெப். 11, புதன்

இன்று பிழை விட்டேன்.

படத்தில் பின்னேர நேரம். தகப்பன் கட்டிலில், மகள் மேசையில் கரண்டிகளைக் கடதாசியில் சுற்றுகிறாள். குளிருதா என்று கேட்கிறாள். அவர் ஒரு வசனம் சொல்கிறார்.

அண்ணை என்னைப் பார்த்தார்.

"குளிருதாம்," என்றேன்.

கொஞ்சம் ஓடவிட்டார். பிறகு, "நிப்பாட்டு. பின்னுக்கு விடு."

விட்டேன். திரும்பவும் கரண்டி, திரும்பவும் அந்த முகம்.

"குளிருற ஆள் கண்ணை அப்பிடி வையான். என்ன சொல்லுறார்?"

மூன்றாம் தரம் போட்டேன். பொய்யை வைத்திருக்க முடியவில்லை.

"பயமாக் கிடக்கு எண்டு சொல்லுறார், அண்ணை."

கீழே பனி தள்ளுகிற வண்டி போகிற சத்தம்.

"கொழும்பிலை நான் கீழை ஓடின இங்கிலீசைத்தான் வாசிச்சுக்கொண்டிருந்திருக்கிறன். ஆளின்ரை முகத்தைப் பாக்கேல்லை."

பிறகு, "எனக்கும் பயம்தான்," என்றார்.

ஐம்பத்தெட்டு வயது. அம்மா செத்ததற்கும் வாய் திறக்காதவர். போய்க் கையைப் பிடித்திருக்கவேண்டும். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன். ஓம் என்றார். குசினியில் போய் நின்றேன், தண்ணீர் கொதித்து முடிந்த பிறகும்.

பெப். 14, சனி

மறை 8, வெயில். தபாலில் மின்சார பில் மட்டும். வாந்தி இரண்டு தரம்.

பத்து நிமிடம்தான் பார்த்தோம். பிறகு கொப்பி. மகள் பாத்திரம்தான் படத்தின் பலவீனம் என்று எழுதச் சொன்னார். 'கல் மாதிரி. தகப்பன் பயம் என்கிறார், அவள் கரண்டி எண்ணுகிறாள்.'

நான் எழுதவில்லை.

"என்ன?"

"அவ எண்ணேல்லை. ஒரே கரண்டியளைத்தான் திருப்பித் திருப்பிச் சுத்துறா. கையிலை வேலை இருக்கும் மட்டும் அழுகை வராது."

அண்ணை தலையணையில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"உதை எப்ப கண்டனி?"

"அண்டைக்கே."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

கோபத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் வந்துவிட்டது. முப்பது வருடமாக இந்த மனிதனுக்கு அருகில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறேன். நல்லதா கூடாதா என்று அவர்தான் சொல்வார், நான் ரொட்டி சுடப் போவேன்.

"அப்ப அதை எழுது," என்றார். "நீ சொன்ன மாதிரி எழுது." பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். தோள் அசைந்தது. அழுதாரோ, வலியோ தெரியாது.

பெப். 17, செவ்வாய்

அம்புலன்ஸ். ஆஸ்பத்திரி, ஐந்தாம் மாடி. கசெற் வீட்டில், இன்னும் இருபது நிமிடம் மிச்சம்.

பெப். 20, வெள்ளி

காலை 6.40. அண்ணை போய்விட்டார்.

நான் பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்திருந்தேன்.

பெப். 24, செவ்வாய்

அடக்கம். பங்குச் சுவாமி நன்றாகப் பேசினார், கோயிலுக்கு வராத ஆள் என்பதைச் சொல்லவில்லை. கார்டெரியில் இருந்து பிள்ளைகள் கீறிய படம் ஒன்று வந்தது, எல்லாரும் சிரிக்கிற முகம். சபா அண்ணை தேவாரம் தெரிந்த வாயால் செபம் சொல்ல முயன்றார். மரக்கறிக்கறிதான் கூட மிஞ்சியது.

பெப். 27, வெள்ளி

விபூதிப் புதனுக்குப் போகவில்லை. வேலைக்குப் போனேன்.

சபா அண்ணையின் போன். மறுப்பை அடுத்த இதழில் போட விருப்பம், முற்றுப்பெறாமலே போடலாமாம். பழைய கட்டுரை அவரிடம் இருந்தது, அதன் முடிவை வாசித்துக் காட்டினார்: கடைசியில் கிழவனை பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்தபடியே சாகவைத்து, மலிவான கண்ணீரோடு படத்தை முடிக்கிறார் இயக்குநர்.

"பொறுங்கோ. நான் மிச்சத்தைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

பெப். 28, சனி

பார்த்தேன்.

வீடு விற்றாயிற்று. இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். தகப்பனின் தலை சரிகிறது. தொப்பியில் பனி விழுந்துகொண்டே இருக்கிறது. இசை இல்லை, கமரா அசையவில்லை. நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பஸ் வருகிறது. மகள் "பப்பா" என்கிறாள். அவர் கண்ணைத் திறந்து, வந்துவிட்டதா என்று கேட்கிறார். எழும்பி ஏறுகிறார். கதவு சாத்துகிறது. வெறும் வாங்கு. அவ்வளவுதான் படம்.

ஆள் சாகவில்லை.

"அண்ணை, கிழவன் சாகேல்லை," என்று வாய்விட்டுச் சொன்னேன். கட்டிலில் மடித்த போர்வை.

கொழும்பில் கடைசிச் சுருளைப் போடவில்லையா? அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணை எழும்பிப் போய்விட்டாரா? பிடிக்காத படத்தில் எழும்பிப் போகிற பழக்கம் அவருக்கு இருந்தது. இனி யாரைக் கேட்பது? அதுதான் பெரிதாகக் கிடக்கிறது. இத்தனை வருடம் இந்த வீட்டில் அந்தக் கிழவன் செத்தவனாகவே இருந்திருக்கிறான்.

பெப். 29, ஞாயிறு

காலை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். நாலு தரம் வெட்டினேன். பூசைக்குப் போய்வந்து சபா அண்ணைக்குப் போனில் வாசித்தேன்.

"முடிவைப்பற்றி அவர் இப்பிடிச் சொல்லேல்லையே, தங்கச்சி."

"இல்லை. அவருக்குத் தெரியாது. நான் பாத்து எழுதினது."

"அப்ப அவரின்ரை பேரிலை போடேலாது."

"அவர் சொன்ன வரைக்கும் அவரின்ரை பேர். மிச்சத்துக்கு என்ரை பேரைப் போடுங்கோ."

கடதாசி புரட்டுகிற சத்தம். பேனை தேடினார் போல.

"சரி," என்றார். பிறகு தயங்கி, "குறை நினையாதேங்கோ. உங்கடை பேர் என்ன?"

சொன்னேன். சரியாகக் கேட்கவில்லையாம். திரும்ப, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.