மகரத்துக்கு எழுதியது

நவம்பர் 18

துடைப்பப் புயல் ஒருவழியாக ஓய்ந்தது. பால்கனி முழுக்க உப்பும் மணலும். பெருக்கித் தள்ளுவதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. இந்த அலெக்சாந்திரியாவில் ஒவ்வொரு குளிர்காலப் புயலுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், பெருக்குவதற்குத்தான் ஆள் வைக்கவில்லை.

காலையில் இவர் பத்திரிகையை விரித்து, வழக்கம்போல என் ராசியைச் சத்தமாகப் படித்தார். "கன்னி. 'உங்கள் உழைப்பை வீட்டார் இன்று உணர்வார்கள்.' உணர்ந்துட்டேன், இன்ஸாஃப். அந்த ஃபூல் பயறுல இன்னும் கொஞ்சம் எலுமிச்சை பிழி."

அந்த வரியை எழுதியவளே நான்தான். பதினோரு வருஷமாக எனக்கு மட்டும் பலிக்கவில்லை.

பிறகு தன் ராசியைப் படித்தார். அதை எப்போதும் மனசுக்குள்தான் படிப்பார். உதடு மட்டும் அசையும். தன் பலனைத் தானே சத்தமாகச் சொன்னால் கண்ணேறு பட்டுவிடுமாம். என் பலனுக்குக் கண்ணேறு பட்டால் பரவாயில்லை போலும்.

நவம்பர் 21

இன்று மாடிப்படியில் பார்த்தேன். ஆரஞ்சுப் பையோடு இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. என்னைப் பார்த்ததும் குனிந்து ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி பாவனை. போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

நாங்கள் இருப்பது நான்காம் மாடி. லிஃப்ட் எப்போது ஓடியது என்று கட்டடத்தில் யாருக்கும் நினைவில்லை. போன மாதமே டாக்டர், இதயத்தில் ஆஞ்சியோ செய்து பார்க்கணும், தாமதிக்காதீங்க என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். அது இழுப்பறையில் பொத்தான் டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.

சண்டை போட்டேன். என்ன பிரயோஜனம்? முப்பத்திரண்டு வருஷம் டிராம் ஓட்டினவர். தண்டவாளத்தில் ஒரு தடவைகூடத் தவறினதில்லை. வீட்டில் மட்டும் நான் வலது என்றால் இடது.

"எனக்கு ஒண்ணுமில்ல. அப்படி ஏதாவது இருந்தா உஸ்தாத் சுஹைல் சொல்லியிருப்பார். அவர் போகச் சொல்லட்டும், அன்னிக்கே போறேன், போதுமா?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பாதி வேடிக்கை.

உஸ்தாத் சுஹைல்! அப்படி ஒரு ஆளே கிடையாது. முன்னே அந்தப் பெயரில் பத்திரிகையில் ராசிபலன் எழுதிக்கொண்டிருந்த கிழவர் கோபித்துக்கொண்டு போன அன்று, ஆசிரியர் ரிஃபாய் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் மட்டும் சமாளிங்க, மேடம். வெளியே மூச்சு விடக்கூடாது" என்றார். அந்த ஒரு வாரம் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. வீட்டிலும் மூச்சு விடவில்லை. முதலில் பயம். அப்புறம் வெட்கம். இவர் அந்த மனுஷனை அவ்வளவு நம்புகிறாரே, எப்படிச் சொல்ல?

நவம்பர் 23

மகரத்துக்கு இன்று நானே உட்கார்ந்து எழுதினேன்: "இழுப்பறையில் நீங்கள் மறைத்து வைத்த கடிதம் ஒன்று காத்திருக்கிறது. இந்த வாரமே அதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்."

மற்ற பதினொன்றுக்கும் பிஸ்கட் டப்பா. பழைய பலன்களைச் சீட்டாக வெட்டிப் போட்டு வைத்திருக்கிறேன். கையை விட்டு எடுக்க வேண்டியது, ஒட்ட வேண்டியது. எல்லாருக்கும் புதிதாக யோசிக்க எனக்கு ஏது தெம்பு? மகரத்துக்கு மட்டும் ஒரு நாளும் டப்பாவைத் தொட்டதில்லை. இவர் அடையாள அட்டையில் பிறந்த தேதி ஜனவரி 3; இங்கே பிறந்த தேதியை வைத்துத்தான் ராசி, அதன்படி மகரம். நேரில் சொல்ல வராததை எல்லாம் அங்கேதான் சொல்லி வருகிறேன்.

நவம்பர் 24

படித்தார். பத்திரிகையை மடித்தார். "இன்னிக்கு நல்லதாத்தான் சொல்லியிருக்கார்" என்று டீயை உறிஞ்சிவிட்டு, காபிக்கடைக்குத் தாயம் உருட்டப் போய்விட்டார். இழுப்பறை பக்கம் திரும்பக்கூட இல்லை. கல் நெஞ்சு.

நவம்பர் 27

இன்னும் பச்சையாக எழுதினேன்: "நெஞ்சு சொல்வதைக் கேளுங்கள். டாக்டர் ஒருவர் உங்கள் வழியைத் திறப்பார்." ரிஃபாய் பேனாவை எடுத்துவிட்டார். "டாக்டர், கோர்ட், சாவு மூணும் வேண்டாம்னு முதலாளி உத்தரவு, மேடம். மறந்துட்டீங்களா? அதோட ரிஷபத்துக்குக் கொஞ்சம் காதல் போடுங்க. ரிஷபக்காரங்க கடுதாசி போட்டுத் திட்டுறாங்க."

டாக்டரை "வெள்ளைக் கோட்டுக்காரர்" என்று மாற்றினேன். ரிஷபத்துக்குக் காதல் போட்டேன். தனுசுக்கு டப்பாவில் என்ன வந்ததோ அது.

நவம்பர் 28

இவர் அசையவில்லை. ஆனால் விளம்பரப் பகுதி நவால் — அவளும் மகரமாம் — புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "வெள்ளைக் கோட்டுன்னா பல் டாக்டரா இருக்குமோ, மேடம்? எங்க தெருவுல ஒருத்தர் இருக்கார்." என்ன சொல்ல? "இருக்கும், இருக்கும்" என்றேன்.

நவம்பர் 30

போகவில்லை.

டிசம்பர் 2

மூன்றாம் மாடியில் நின்று இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உயிரே போய்விட்டது எனக்கு. கெஞ்சினேன். அழுதேன். "சும்மா நச்சரிக்காதே. உஸ்தாத் சுஹைலே என் கட்சிதான். இன்னிக்குக்கூடப் பொறுமையா இருன்னுதான் போட்டிருக்கார்" என்றார்.

எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறார்! நான் எழுதினது எனக்குத் தெரியாதா? "இன்றே" என்று இரண்டு தடவை எழுதியிருந்தேன். வாயைத் திறந்து சொல்லிவிடலாமா என்று வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் 5

காஸிம் புயல், வருஷா வருஷம் டிசம்பர் ஆரம்பத்தில் வருவது. கடல் சாலைக்கே ஏறி வந்துவிட்டது. பஸ் இல்லை. வேலைக்குப் போகவில்லை.

பக்கத்துத் தெருவிலிருந்து அத்தியாத் அக்கா — இவருடன் பிறந்த மூத்தவள் — நனைந்துகொண்டே வந்தாள், கையில் பருப்பு சூப்போடு. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் உட்கார்ந்து தலை துவட்டியபடியே பேசிக்கொண்டிருந்தாள்.

"இதே காஸிம்லதான் இவன் பொறந்தான், தெரியுமா? எனக்கு ஏழு வயசு. வீட்டுக்குள்ள கணுக்கால் வரைக்கும் தண்ணி. மருத்துவச்சி பாவாடையைத் தூக்கிக் கட்டிக்கிட்டு வந்தா. எங்கம்மா வலியில கத்துறாங்க, அப்பா வாளியில தண்ணி மொண்டு ஊத்துறார்!"

நான் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். "காஸிமா? வருஷப் பிறப்புப் புயலா இருக்கும், அக்கா. ஜனவரி மூணுதானே?"

"அட, அது அட்டைக்கு! வருஷக் கடைசியில பொறந்தா யாரு அந்த வருஷத்துல பதிவாங்க? புது வருஷம் வந்தப்புறம் போய்ப் பதிஞ்சா ஒரு வயசு குறையும், பட்டாளத்துக்கு ஒரு வருஷம் கழிச்சுப் போகலாம், ரிட்டையரும் ஒரு வருஷம் தள்ளும். எங்க தெருவுல பாதிப் பசங்க அப்படித்தான். ஏன், அவன் உன்கிட்ட சொல்லவே இல்லியா?"

இல்லை. சொல்லவே இல்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிற ஆட்களா நாங்கள்? நானும் கேட்டதில்லை. நிக்காஹ் தாளில் அட்டைத் தேதிதான் இருந்தது.

டிசம்பர் ஆரம்பம் என்றால் தனுசு.

இவர் படிப்பது தனுசு.

டிசம்பர் 6

ஆபீசில் முதல் வேலையாகப் பழைய பத்திரிகைக் கட்டை எடுத்தேன். நான் மகரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்களில் தனுசுக்கு டப்பா சொன்னது:

நவம்பர் 24: "தள்ளிப்போட்டதெல்லாம் நன்மைக்கே."

நவம்பர் 28: "பிறர் பதற்றம் உங்களைத் தொற்ற வேண்டாம். ஓய்வெடுங்கள்."

டிசம்பர் 2: "பொறுமை. சிறு வலிகள் தானே விலகும்."

தானே விலகும்! ஒட்டினது என் கை. இவர் பொய் சொல்லவில்லை. போகாதே போகாதே என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். பாவி. யாரோ முன்பின் தெரியாத மகரக்காரர்களுக்கெல்லாம் உருகி உருகி எழுதிவிட்டு, என் வீட்டு மனுஷனுக்குத் துருப்பிடித்த டப்பாவிலிருந்து —

நாளைக்கு வரும் தனுசை மாற்றினேன். "இன்றே போங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்." ரிஃபாய் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "உஸ்தாத் சுஹைல் கெஞ்ச மாட்டாரே, மேடம்?" என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாளைக் காலை படிப்பார் என்று நினைத்துக்கொண்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை, இந்தக் குளிரில். ஷூ லேஸ் பாவனைகூட இல்லை.

பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாளைக் காலை வரைக்கும் எப்படிப் பொறுப்பது?

"அபூ தாமிர், கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இன்னிக்குப் பலன்ல…"

"பலனாவது மண்ணாவது! அதை எழுதறது நான்தான். உஸ்தாத் சுஹைலும் இல்ல, ஒரு எழவும் இல்ல. நான். பதினோரு வருஷமா நான்!"

என்னையே பார்த்தார். மூச்சு வாங்கியது. "விளையாடாதே."

"நாளைக்குத் தனுசுக்கு என்ன வரும்னு சொல்லட்டுமா? 'இன்றே போங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.' காலையில பாத்துக்கோங்க. இருந்தா பாத்துக்கோங்க."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வந்துவிட்டது.

சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நம்ம பையன் தாமிர் குவைத்துக்குப் போன அன்னிக்கு, 'போனவன் பையில் உங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது'ன்னு போட்டிருந்துதே. அது?"

பொய் சொல்லியிருக்கலாம். "டப்பாவுல வந்த சீட்டு. யாருக்கோ எப்பவோ எழுதினது."

"ஓ." தலையைக் குனிந்துகொண்டார். "அதை வெட்டி பர்ஸ்ல வச்சிருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களுக்குன்னு எழுதினதெல்லாம் மகரத்துல இருக்கு. அட்டையைப் பாத்து ஏமாந்துட்டேன். எனக்கென்ன தெரியும், உங்கப்பா பண்ணின கூத்து?"

சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு நெஞ்சில் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து எழுந்தவர், மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"மேலே ஏற முடியாது. கீழேன்னா இறங்கிடுவேன். கையைக் குடு."

டிசம்பர் 7

டாக்சியிலேயே வலி அதிகமாகிவிட்டது. நேற்றே ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார். பிழைத்தார். பிழைத்தார்.

டிசம்பர் 8

டாக்டர் சின்ன வயசுக்காரர். வெள்ளைக் கோட்டு. "இதயத்துல ஒரு பக்கம் பலவீனமாயிடுச்சும்மா, அது இனிப் பழையபடி ஆகாது. மாடி ஏற்றம் கூடாது. கடிதம் குடுத்தப்பவே வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

நவம்பர் 24, 28, டிசம்பர் 2. எனக்குத் தேதிகள் மனப்பாடம்.

டிசம்பர் 9

ஒன்றும் எழுத வரவில்லை.

டிசம்பர் 12

இவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த மகரத்தைக் கொண்டா."

ரிஃபாயிடம் கெஞ்சி ஆபீஸ் கட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் ஊசி குத்தியிருக்க, மறு கையால் பக்கம் புரட்டி மத்தியானம் பூராவும் படித்தார். நர்ஸ் இரண்டு தடவை வைதாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. 'நேற்று சொன்ன கடுஞ்சொல்லை அவள் இரவே மறந்துவிட்டாள்.' 'உங்கள் நீலச் சட்டை உங்களுக்கு எடுப்பு, அதையே போடுங்கள்.' 'டிராம் ஓட்டியது போதும், இனி ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள்' — ரிட்டையர் ஆன அன்று எழுதினது.

"இதையெல்லாம் வாயால சொல்லியிருக்கலாமே, இன்ஸாஃப். வீட்டுல நீ என்கிட்ட பேசறது 'காலைத் துடைச்சுட்டு வா' மட்டும்தானே?"

"நீங்க மட்டும் என்ன? 'எலுமிச்சை பிழி.'"

"அது சரி" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் தன்னுடையது என்ன ராசி, ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்டார். எனக்குக் களைப்பாக இருந்தது. பொறுமையாக இருங்கள் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் 16

தெருவில் நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி நான்காம் மாடிக்குக் கொண்டுவந்தார்கள். இவருக்கு ஒரே வெட்கம். இனி இறங்குவது எப்போதோ. காபிக்கடை, தாயம், கடல், எல்லாம் பால்கனியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். என்மேல் கோபமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் 20

டப்பாவைத் திறப்பதில்லை. பன்னிரண்டையும் கையாலேயே எழுதுகிறேன். இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை. கண் எரிகிறது. ஆனால் எந்த வீட்டில் எவள் புருஷன் உதடசைத்துப் படிக்கிறானோ, யார் கண்டது?

ஜனவரி 3

வருஷப் பிறப்புப் புயல் நேற்றோடு போயிற்று. அட்டைப்படி இன்று இவருக்குப் பிறந்தநாள்.

காலை வேலைக்குக் கிளம்பித் தெருவுக்கு வந்தேன். நான்காம் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கி வந்தது, பத்திரிகைக்காக. கடையில் வாங்கிப் போட்டேன். கூடை மேலே போகவில்லை. அண்ணாந்து பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், நீலச் சட்டையில்.

"இன்ஸாஃப்! மகரத்துக்கு இன்னிக்கு என்ன?" என்று கத்தினார். தெருவே கேட்கிற மாதிரி. கண்ணேறைப் பற்றிக் கவலையே இல்லாமல். ஃபூல் வண்டிக்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்.

பதினோரு வருஷம் மூச்சு விடாதவள், நடுத்தெருவில் நின்று கத்தினேன்: "மாத்திரை போட்டாச்சான்னு கேக்குது! அவளுக்கு உங்க மேல ரொம்பப் பிரியமாம், போய் உட்காருங்கன்னு சொல்லுது!"

வண்டிக்காரர் சிரித்தார். இவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, பார் என்பதுபோல ஆட்டிக் காட்டினார். பிறகு கூடையை மேலே இழுத்தார், மெதுவாக, இரண்டு தடவை நிறுத்தி.

அது மேலே போய்ச் சேரும் வரை நின்றிருந்துவிட்டு பஸ் பிடிக்கப் போனேன்.