எதிர்க்கடைக்கு எழுதிய விளம்பரம்

பெங்களூர்
29.9.2011

அன்புள்ள சௌந்தரத்துக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளைகளும் நலந்தானே? அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

"கடைய மூடிட்டுக் கம்ப்யூட்டர்ல என்னா மாமா விக்கப் போறீங்க?" என்று கேட்டாயே, விற்றுவிட்டேன். இந்த விளம்பரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மீட்டிங்கில் வாயே திறக்காதவன், போன மாதம் திறந்தேன். சிதம்பரத்து ஜவுளிக்கடை ஒன்றுக்கு இன்டர்நெட்டில் விளம்பரம் போட வேண்டும். ஊர்க்காரர்களுக்கே காட்டலாம் என்றார்கள்.

"குமராட்சியில நாத்து நடறவங்க இன்டர்நெட்டா பாக்கறாங்க? துபாய்ல இருக்கற அவுங்க புள்ளைங்களுக்குக் காட்டுங்க. பணத்த அவுங்க அங்கேருந்து கட்டட்டும், அம்மாவுக்குப் புடவைய கடைக்காரரு வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுக்கட்டும்" என்றேன்.

வாசகமும் நானே எழுதினேன். ஆர்டர் குவிகிறது. மேலதிகாரி சுவேதா, உன் தங்கச்சி வயசுதான், "சார், இனிமே நீங்கதான் பேசணும்" என்கிறாள். தொழில் பிடிபட்டுவிட்டது. இனி எனக்குப் பயமில்லை.

எந்தக் கடை என்று கேட்பாய். நம் கடைக்கு எதிரே மூன்று மாடி கட்டி நம்மை மூட வைத்தானே, அவனுடையதுதான். நம் கல்லாவில் உட்கார்ந்து கற்றதையெல்லாம் அவனுக்கு விற்றிருக்கிறேன். சிரித்துக்கொள்.

மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவந்தேன், அனுப்பு. கூடவே கொஞ்சம் நெத்திலிக் கருவாடு. இங்கே வறுத்தால் வீட்டுக்காரர் கத்துவார். மோந்தாவது பார்க்கிறேன்.

தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை எடுத்துவிடு. விலை அவனிடம்தான் குறைவு, எனக்கே தெரியும். ஆனாலும் அங்கே எடுக்காதே.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உன்
சடையப்பன்