பச்சைத் தட்டு சொன்ன பொய்ச்சாட்சி

திரு நிலைக்க. துறை செழிக்க. மழை காலம் தவறாது பெய்க. நெடுங்கடல் தழுவும் நீள்துறைநாட்டைக் குடைநிழலில் வைத்துக் காப்பவரும், முத்துத்துறைகள் அனைத்துக்கும் உரியவரும், கொடுத்த சொல்லைத் திரும்பப் பெறாதவருமாகிய பெருமாட்டி பவழநங்கையார் திருவாய் மொழிந்தருள, அவர்தம் ஓலைநாயகம் கூத்தன் எயினன் எழுதியது. மலைவளம் குன்றாத கற்குடைநாட்டின் அதிபரும் பெருமாட்டியாரின் நட்புக்கு உரியவருமாகிய மாறனழகர் திருமுன் இவ்வோலை சேர்க. தங்கள் கோட்டை நலமா, தேனும் மிளகும் இவ்வாண்டு நிறைந்தனவா, குதிரைகள் நோய்நொடியின்றி உள்ளனவா என்று பெருமாட்டியார் கேட்டருளினார். முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனிச் செய்திக்கு வருகிறேன்.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. உடன்படிக்கை விருந்தில் பெருமாட்டியாரின் கைமுன் சீனத்துப் பச்சைத் தட்டு வெடித்ததைக் கேட்டு மனம் பதறியதாகவும், விருந்து சமைக்கத் தாங்கள் அனுப்பி, அதில் பாயசம் வார்த்த தங்கள் மடைப்பள்ளித் தலைவி சேந்தி நஞ்சு இட்டிருப்பாளாயின் அது அவள் தானே செய்த பாதகம் என்றும், அவளுக்கும் கற்குடைநாட்டுக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றும், நீள்துறையின் நீதி அவளை என்ன செய்தாலும் தங்களுக்குச் சம்மதமே என்றும் எழுதியிருந்தீர்கள். எழுத்து மணிமணியாக இருந்தது. முத்திரையும் கோணாமல் விழுந்திருந்தது. தங்கள் தூதர் தட்டு வெடித்த மறுகணமே குதிரையேறிப் பறந்துவிட்டபடியால், பின்பு நடந்தது எதுவும் தங்கள் செவிக்கு எட்டியிராது. ஆகவே அதை விரித்து எழுதுமாறு ஆணை.

பெருமாட்டியாருக்குக் கீழ்த்திசைப் பொருள்கள் என்றால் உயிர். இது அரண்மனை ரகசியமன்று. துறையில் மீன் விற்பவளுக்கும் தெரியும். கிழக்கிலிருந்து மரக்கலம் வந்தது என்று காதில் விழுந்தால் உண்ட கை உலரும் முன் பல்லக்கு கேட்பார். சீனத்துப் பச்சைப் பீங்கான்கள், நீலக்கொடி ஓடும் வெள்ளைச் சாடிகள், பழைய வெண்கலத் தூபக்கால்கள், அதற்கும் கிழக்கேயுள்ள சப்பான் தீவுகளில் கருப்பு அரக்கின்மேல் பொற்பொடி தூவிச் செய்த பேழைகள், கொக்குக்கூட்டம் பறக்கும் மடிப்புத் திரை என்று ஒரு மாடம் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். அவற்றைத் துடைப்பதும் அவரே, எடுத்து வைப்பதும் அவரே. ஒருமுறை என் வெற்றிலைச் செல்லத்தை அறியாமல் ஓர் அரக்குப் பேழைமேல் வைத்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவற்றுள் பச்சைப் பீங்கானுக்கு மட்டும் எங்கள் நாட்டில் வேறொரு மதிப்பும் இருந்தது. நஞ்சு பட்டால் அது தானே வெடிக்கும் என்று வணிகர் சொல்லிச் சொல்லி விற்க, பெருமாட்டியாரின் பாட்டனார் அதை நம்பி, உடன்படிக்கை விருந்துகளில் அரசர் அதிலேயே உண்ண வேண்டும் என்றும், தட்டின் சாட்சிக்கு மறுசாட்சி வேண்டியதில்லை என்றும் சட்டம் செய்து வைத்தார். அச்சட்டப்படிதான் அன்றும் நிலவறையிலிருந்து தட்டு எடுத்து வரப்பட்டது. சேந்தி கொதிக்கக் கொதிக்கத் தினைப்பாயசத்தை வார்த்தாள். கிண் என்று ஓர் ஓசை. தட்டு குறுக்கே பிளந்தது. அவ்வளவுதான், அவையே எழுந்து நின்றுவிட்டது.

எங்கள் தண்டநாயகர் கொற்றன் மழவர் பாயசப் பானையை அப்படியே கடலில் கொட்டச் செய்து, சேந்தியைச் சிறையிலிட்டார். மழவர் கெட்டவர் அல்லர். பெருமாட்டியார்மேல் உயிரையே வைத்திருப்பவர். அதனால்தான் அவரோடு வாதாடுவது கடினம். பானை போய்விட்டபடியால் அதைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லாமற் போயிற்று. சேந்திக்கு மரணதண்டனை, கற்குடைமேல் படையெடுப்பு என்று அவர் முழங்க, அவை ஆமோதித்தது. தங்கள் ஓலையும் வந்து சேர்ந்தபோது, அவளுக்காகப் பேச இவ்வுலகில் ஒரு நாவும் இல்லை என்று ஆயிற்று.

பெருமாட்டியார் பேசினார். பீங்கானைக் கையில் எடுத்துப் பழகியவள் சொல்கிறேன், மழைக்காலத்தில் நிலவறைக் கல்லில் கிடந்த தட்டு தொட்டால் கை மரத்துப்போகும், அதில் கொதிக்கும் பாயசத்தை வார்த்தால் நஞ்சு எதற்கு, சூடு ஒன்றே போதும் என்றார். மழவர் கைகூப்பியபடியே மறுத்தார். பாட்டனார் காலத்தில் இதே சாட்சியை நம்பிப் பரிசாரகன் ஒருவனைக் கழுவேற்றியதை நினைவூட்டி, தட்டு பொய் சொல்லும் என்றால் பாட்டனார் குற்றமற்றவனைக் கொன்றவர் ஆவாரே, அப்படிச் சொல்லப் பெருமாட்டியாருக்கு மனம் வருமா என்று கேட்டார். வரும் என்றார் பெருமாட்டியார். கொன்றது கொன்றதுதான், அதை மூடி மறைக்க இன்னொருத்தியையும் கொல்ல என்னால் ஆகாது என்றார்.

அதன்மேல் சோதனைக்கு அவரே வழி சொன்னார். தம் மாடத்துப் பச்சைப் பாத்திரங்களை நிலவறையில் குளிரவிட்டு, அதேபோல் கொதிக்கும் பாயசத்தை வார்க்க வேண்டும்; வார்த்ததைத் தாமே பருக வேண்டும்; பாயசத்தை மழவரின் தமக்கையார் பெரியநாச்சியாரே மழவர் கண்முன் சமைக்க வேண்டும். பாத்திரங்களை மழவர் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றும் வெடிக்காவிட்டால் சேந்தியின் தலை மழவருடையது.

மழவர் மீன் வடிவம் பொறித்த தட்டைத் தேர்ந்தார். வார்த்தார்கள், வெடிக்கவில்லை. பெருமாட்டியார் பருகினார். அடுத்து ஒரு தடித்த கிண்ணம். அதுவும் வெடிக்கவில்லை. அவையில் முணுமுணுப்பு எழுந்தது. சேந்தி சிறைக்காவலர் நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை நான் எடுத்து வருகிறேன் என்று பெருமாட்டியார் எழுந்து போனார். அவர் எதைக் கொண்டுவரப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாழைக்குருத்தின் உட்புறம்போல் இளம்பச்சையாய், விரல் வைத்தால் வெளிச்சத்தில் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியதாய் ஒரு கிண்ணம். அதற்காக ஒரு வணிகன் வீட்டாரோடு ஆண்டுக்கணக்கில் உறவு கொண்டாடி, அவன் மகள் திருமணத்தில் முன்வரிசையில் அமர்ந்து, மொய்யும் எழுதி, கடைசியில் அவன் மனம் இளகிக் கொடுத்த பொருள். அதற்கு இணை இங்கு மட்டுமன்று, சீனத்திலும் இல்லை என்று மாலுமிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வழியிலேயே காலில் விழுந்து, இது மட்டும் வேண்டாம் தாயே என்றேன். மெல்லியது என்பதால்தான் இது, எழுந்திரும் ஓலைநாயகமே என்றார். கிண்ணத்தை நிலவறையில் வைத்துவிட்டு, அது குளிரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவையில் கிண்ணத்தைப் பெருமாட்டியார் தம் கையிலேயே ஏந்திக்கொண்டார். கீழே வைத்தால் தட்டிவிட்டதாகச் சொல்வார்களாம். பெரியநாச்சியார் வார்த்தார். கிண் என்ற அதே ஓசை. கிண்ணம் இரண்டாகப் பிளந்து, கொதித்த பாயசம் உள்ளங்கை முழுவதும் வழிந்தது. பெருமாட்டியார் கையை உதறவில்லை. உடைந்த ஓட்டில் எஞ்சியதை எல்லாரும் பார்க்கப் பருகிவிட்டு அரியணையில் அமர்ந்தார். பெரியநாச்சியார் கரண்டியை வீசியெறிந்துவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: “ஏண்டா கொற்றா, இப்போ நான் வெஷம் வச்சேன்னு சொல்லுவியா? சொல்லிப் பாரு!”

நஞ்சிருந்தால் தெரியட்டும் என்று, நாழிகை காட்டும் வட்டில் நீரால் நிரம்பும்வரை அவை காத்திருந்தது. பெருமாட்டியாருக்கு ஒன்றும் நேரவில்லை. மழவர் வாளைக் கழற்றி அவர் காலடியில் வைத்து, தம் கையாலேயே சேந்தியின் விலங்கை நீக்கினார். அதன் பிறகுதான் பெருமாட்டியார் மடியில் கிடந்த ஓடுகளைப் பார்த்தார். அழுதார். முகத்தை மறைக்காமல், பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல் அழுதார். தட்டின் சாட்சி இனி எங்கள் நாட்டில் செல்லாது என்று அன்றே பறையறைவிக்கப்பட்டது. அந்தப் பரிசாரகனின் வழியினர் எங்கிருப்பினும் அவர்களிடம் பிழைபொறுக்கக் கேட்டு வருமாறு ஆள் போயிருக்கிறது.

இனி, தாங்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம். விடுதலையான சேந்தி, தனக்கு நேர்ந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. பெருமாட்டியாரின் வெந்த கைக்கு நெய் தடவிக்கொண்டே அவள் கேட்டது இது: “எங்க மகராசா ஆளு அனுப்பிச்சாரா தாயி? சேந்தி எங்கன்னு கேட்டாரா? நான் இல்லேன்னா ஒரு வாய் ஒழுங்காத் திங்க மாட்டாரே.” பெருமாட்டியார் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். உங்கள் மகராசா கேட்டார் அம்மா, உன்னைப் பத்திரமாக அனுப்பிவைக்கச் சொல்லி உடனே ஓலை விடுத்தார் என்றார். சேந்தி மலை இருக்கும் திசை நோக்கி விழுந்து கும்பிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுத்தாணி ஒடிந்தது.

ஆகவே பெருமாட்டியாரின் ஆணை இது. சேந்தி எங்கள் பல்லக்கில், எங்கள் காவலோடு, எல்லையிலுள்ள ஆனைத்துறைக்கு வருகிறாள். தூதரையோ அமைச்சரையோ அனுப்பாமல், தாங்களே நேரில் வந்து அவளை எதிர்கொள்ள வேண்டும். அவள் கையால் சமைத்ததை அங்கேயே, இரு நாட்டார் காண உண்ண வேண்டும். அவள்மேல் விழுந்த பழி அப்போதுதான் தங்கள் ஊரிலும் கழியும். வந்தால் உடன்படிக்கை முன்போல் நிற்கும்; தாங்கள் விடுத்த ஓலையும் அத்துறையிலேயே, சேந்தி அறியாமல் தீயில் இடப்படும். வராவிட்டால் சேந்தி திரும்பி எங்களிடமே வருவாள், உடன்படிக்கை முறியும். மறுமொழி ஓலை வேண்டாம். தங்கள் ஓலைகளை நாங்கள் போதுமான அளவு படித்துவிட்டோம்.

நீள்துறை நெடுங்காலம் வாழ்க. கற்குடையும் வாழ்க. மீன்முத்திரை இட்டது. இதன்கீழ் உள்ள வரியைப் பெருமாட்டியார் என்னிடம் சொல்லாமல், எழுத்துக் கோணினாலும் ஆகட்டும் என்று, கட்டுப்போட்ட தம் கையாலேயே எழுதினார்:

மாறனழகரே, யாரோ ஒருத்திக்காக என் கிண்ணத்தை உடைத்தேன். உம்மவளுக்காக ஆனைத்துறைவரை நடந்து வாரும்.