நெற்றியில் எழுதிய நேரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை முழுவதும் படித்தேன். இருபது நிமிடம் ஆனது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று போட்டிருக்கிறது. எனக்கே எட்டாத இடத்தில்தான் வீட்டுக்காரி வைக்கிறாள்.

எழுபத்தோரு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். ஒரு கால் போய் எட்டு மாதம் வீட்டில் கிடந்தபோது மருமகள் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. வீணாய்ப்போன தாள்களைக் கொண்டுவந்து நூலால் தைத்துத் தந்திருக்கிறாள். ஒரு பக்கம் யாருடைய வீட்டுப் பத்திரமோ, மறுபக்கம் என் எழுத்து.

படிக்கத் தெரிந்த பிறகுதான் ஊர் முழுக்க நம்மைத் திட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. துப்பாதே. நிற்காதே. சாயாதே. தொடாதே. இத்தனை வருடம் எவ்வளவு நிம்மதியாகச் சாய்ந்திருந்தேன்!

மார்ச் 6, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். இருபத்தோராம் தேதி ஒரு விழாவாம். ஆம்புலன்ஸ்காரர்களும் நர்ஸ்களும் வருவார்களாம். அவர்கள் முன்னால் நான் பேச வேண்டுமாம்.

“அவ்வளவு பெரிய கல்லு விழுந்தும் எழுந்து நடக்கிறீங்க ஐயா. உங்கள பாத்தா எங்க ஸ்டாஃபுக்கு ஒரு தெம்பு வரும்.”

கல் கிடங்கில் நாற்பது வருடம் கிரானைட் பலகைகளை லாரியிலிருந்து இறக்கியவன் நான். சென்ற வருடம் ஒரு பலகை ஸ்டாண்டிலிருந்து சரிந்து என் இடது காலின் மேல் உட்கார்ந்துகொண்டது. தெம்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. பேச்சையே அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டார்.

“யாராவது படிச்சுக் காட்டினா மனப்பாடம் பண்ணிக்கலாம் ஐயா.”

“நானே படிப்பேன்.”

“படிப்பீங்களா!”

நாய் பேசினால் இப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது. கோபம் வந்தது. கொஞ்சம் பெருமையும் வந்தது, மறைக்க மாட்டேன்.

மார்ச் 7, சனி

பேச்சைப் படித்து முடித்தேன். இரண்டு பக்கம். ஆஸ்பத்திரித் தலைவர் நான்கு இடத்தில் வருகிறார். அவரை நான் பார்த்ததே இல்லை. புது இயந்திரங்கள் மூன்று இடத்தில் வருகின்றன. என்னைத் தூக்கிய பெண் ஓரிடத்திலும் இல்லை.

ஆம்புலன்ஸில் வந்தவள் அவள்தான். கல்லை நகர்த்தியதும் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து ஒரே இழுப்பில் பேண்ட்டைக் கிழித்தாள். “புதுசும்மா அது” என்றேனாம். “பிழைச்சு வாங்க, ரெண்டா வாங்கிக்கலாம்” என்றாளாம். தொடையில் ஒரு பட்டையைச் சுற்றி இறுக்கினாள். அந்த வலி மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிறகு பாதி நினைவுதான். அவள் பெயர் தெரியாது. என் மனதுக்குள் அவள் கத்தரிக்கோல்.

அவளை விட்டுவிட்டு என்ன நன்றி?

மார்ச் 10, செவ்வாய்

கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

செயற்கைக் காலின் பட்டையைச் சரிசெய்ய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போடும் நர்ஸம்மாவிடம், விழாவில் கத்தரிக்கோலை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொன்னேன். அந்தம்மா பஞ்சைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்குத் தெரியாதா தாத்தா? அவள வண்டிய விட்டு எறக்கிட்டாங்க. ஸ்டோர்ல துணி எண்ணிட்டு இருக்கா. விசாரணை நடக்குது. நீங்க எழுதிக்கொடுத்த பேப்பர வச்சுத்தான்.”

நானா? அன்றைக்கு எனக்கு அ எழுதவும் தெரியாதே.

“என் கைநாட்டு இருக்கிற தாளை எனக்கே காட்ட மாட்டீங்களா?” என்று சத்தம் போட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸம்மா பிரதி எடுத்து வந்து தந்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்து விரலை வைத்துப் படித்தேன். ‘இரத்தம் நிற்கக் கட்டிய நேரம் என் நெற்றியில் எழுதப்படவில்லை என்றும், அதனால் மருத்துவர்களால் என் காலைக் காப்பாற்ற இயலவில்லை என்றும் உறுதி கூறுகிறேன்.’ கீழே ஒரு பெருவிரல். என்னுடையது. கல் கிழித்த தழும்போடு.

இரண்டாவது ஆப்பரேஷனுக்குச் சம்மதம் என்று சொல்லி அல்லவா மையைத் தடவினார்கள்! அடப்பாவிகளா, படுத்துக்கிடக்கிறவன் விரலைப் பிடிச்சு ஒரு பொண்ணு கழுத்துல வச்சிருக்கீங்களேடா!

நர்ஸம்மா விளக்கினாள். பட்டையை இறுக்கினால் ரத்தம் நிற்கும், ஆனால் அதிக நேரம் போனால் கால் செத்துவிடும். அதனால் கட்டிய நேரத்தை நெற்றியில் பேனாவால் எழுதுவது அவர்கள் வழக்கம். “பேப்பர் தொலையும் தாத்தா. நெத்தி தொலையாது.” கத்தரிக்கோல் தன் காகிதத்திலும் நேரம் எழுதியிருக்கிறாள். பிறகு எழுதிச் சேர்த்தது என்கிறார்களாம். நெற்றியில் எழுதினேன் என்று சத்தியம் செய்கிறாளாம். வார்டில் யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 10, சாயங்காலம்

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எல்லோருக்கும் உரக்கப் படித்தேன். மருமகள் “அநியாயம் மாமா” என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரியின் கை நின்றுவிட்டது.

“கறுப்பா ஏதோ இருந்துச்சுங்க” என்றாள்.

“எங்க?”

“உங்க நெத்தியில. ஒரு எழுத்து, பக்கத்துல நாலு நம்பரு. ஆஸ்பத்திரி வராந்தாவுல உங்கள ஸ்ட்ரெச்சர் வண்டியோட விட்டுட்டுப் போயிட்டாங்க. கூப்பிட்டா யாரும் வரல. நீங்க சாகப்போறீங்கன்னு நெனச்சேன். சாகப்போற மனுசன் முகம் அழுக்கா இருக்கக் கூடாதுன்னு... முந்தானைய நனைச்சுத் துடைச்சுட்டேன்.”

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மார்ச் 11, புதன்

பேசவில்லை. அவளும் பேசவில்லை.

மார்ச் 12, வியாழன்

காபி வந்தது. ஆறிப்போய் இருந்தது. குடித்தேன்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் வந்து எதிரே உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வருடத்தில் அவள் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க கால் போனது என்னாலயா?”

மூன்று நாளாக நான் யாரையெல்லாமோ மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இவள் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள், பாத்திரம் தேய்த்திருக்கிறாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. முட்டாப்பய நான்.

மார்ச் 16, திங்கள்

இருவரும் ஆப்பரேஷன் செய்த டாக்டரிடம் போனோம். இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். கேள்வியை அவளே கேட்டாள்.

“இல்லம்மா. முட்டிக்குக் கீழ எலும்பு மாவாயிருந்துச்சு. கல்லுக்கு அடியிலயே அந்தக் கால் போயிடுச்சு. நேரம் தெரிஞ்சிருந்தாலும் எடுத்துத்தான் இருப்பேன். உயிர் நின்னதே அந்தப் பட்டையாலதான்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப அந்தப் பேப்பர்ல ஏன் சார் அப்படி எழுதினாங்க?” என்று நான் தாளை நீட்டினேன். அவர் அதை அப்போதுதான் பார்க்கிறார். முகம் சிவந்தது. என்னை ஒரு மணி ஐம்பது நிமிடம் வராந்தாவில் போட்டிருந்ததை அவர் அன்றைக்கே கேள்வி கேட்டு எழுதியிருந்தாராம். அதற்குப் பதில் சொல்ல ஆபீஸுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் இருப்பவர்களில் தேடாமல் வெளியே வண்டியில் வருபவளைப் பிடித்திருக்கிறார்கள்.

“என்கிட்டயும் எழுதி வாங்குங்க. நேரா வந்து சொல்றேன்” என்றார். நல்ல மனுஷன்.

திரும்பும் வழியில் வீட்டுக்காரி, “மேடையில நான்தான் துடைச்சேன்னு சொல்லாதீங்க. அத்தன பேர் முன்னால என்னால தலை காட்ட முடியாது” என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்ததிலிருந்து குமைந்துகொண்டிருக்கிறேன். துடைத்ததைச் சொல்லாமல் எழுதினாள் என்று எப்படி நம்பவைப்பது?

மார்ச் 18, புதன்

ஸ்டோருக்குப் போய்க் கத்தரிக்கோலைப் பார்த்தேன். போர்வைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எண்ணிக்கை விட்டுப்போனது.

“நீங்களா? நடந்தா வந்தீங்க?”

“பின்ன, உருண்டா வருவேன்?”

சிரித்தாள், உடனே அழுதாள். நான் செத்துவிட்டதாகவே பல நாள் நினைத்திருந்தாளாம். “கொண்டுபோய் விடுறதோட எங்க வேலை சரி ஐயா. அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பதினோரு வருசத்துல திரும்பி வந்து நின்ன மொத ஆள் நீங்கதான்.”

பதினோரு வருடம்! ஒருவர்கூடவா போய்ச் சொல்லவில்லை? அப்படிச் சொல்லாதவர்களில் நானும்தானே சேர்த்தி. எட்டு மாதம் மாத்திரை அட்டை படித்துக்கொண்டிருந்தேனே தவிர இவளைத் தேடிப் போனேனா?

கைநாட்டு வைத்த கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்காரி துடைத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. வாக்கு. கத்தரிக்கோல், “நான் எழுதினேன் ஐயா, சத்தியமா எழுதினேன்” என்றாள். எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். ஓடி வந்துவிடலாம் போலிருந்தது. ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

மார்ச் 21, சனி

விழா முடிந்து வந்ததும் எழுதுகிறேன்.

அரங்கு நிறைய வெள்ளையும் நீலமும் காக்கியுமாகச் சீருடைகள். கத்தரிக்கோல் கடைசி வரிசையில், ஸ்டோர் சட்டையில். டை கட்டியவர் அவர்களுடைய பேச்சை மேடை மேஜையில் தயாராக வைத்திருந்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நானே எழுதிய மூன்று பக்கத்தை எடுத்தேன்.

மெதுவாகத்தான் படிக்க வரும். சில வார்த்தைகளில் நின்றேன். ஒருவரும் அசையவில்லை. பேண்ட்டைக் கிழித்ததைப் படித்தேன், சிரித்தார்கள். கைநாட்டைப் படித்தேன், சிரிப்பு நின்றது. டை கட்டியவர் மைக் செட்காரனைப் பார்த்துக் கையசைத்தார். மைக்கை நிறுத்தினார்கள். கல் கிடங்கில் கிரேன் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை இது. மைக் இல்லாமலே படித்தேன்.

“அந்தப் பெண் என் நெற்றியில் நேரத்தை எழுதினாள். வராந்தாவில் அதை யாரோ துடைத்துவிட்டார்கள்.”

“யார் துடைச்சது?” என்று முன்வரிசையிலிருந்து ஓர் அதிகாரி கேட்டார். “யாரோன்னா எப்படிப்பா?”

நான் தாளைப் பார்த்தேன். அடுத்த வரி இல்லை. நான்தான் எழுதவில்லையே.

“யாரோ இல்லைங்க” என்று ஒரு குரல். வீட்டுக்காரி எழுந்து நின்றிருந்தாள். “நான்தான். இவர் பொண்டாட்டி. அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சேன். அந்தப் பொண்ணு எழுதியிருந்தா. என் கையால அழிச்சேன்.”

நர்ஸம்மா எழுந்து, “துடைக்காதீங்கன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களாம்மா?” என்று கேட்டாள்.

“எங்கிட்ட யாரும் எதுவுமே சொல்லலம்மா. ரெண்டு மணி நேரமா அந்தப் பக்கம் யாரும் வரவே இல்ல.”

டாக்டர் எழுந்து நின்றார். பிறகு காக்கிச் சீருடை போட்ட ஆம்புலன்ஸ்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கைதட்டவில்லை. சும்மா நின்றார்கள், கத்தரிக்கோலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

வீடு வந்து சேரும்வரை வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் பார்த்தால் என்ன.

ஏப்ரல் 2, வியாழன்

விசாரணை அதிகாரி புது வாக்குமூலம் வாங்கினார். மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை அவர் பக்கம் நகர்த்தினேன். நான்கு பக்கத்தையும் படித்த பிறகுதான் பேனாவைத் தொட்டேன். ஒன்றேகால் மணி நேரம். இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டுமே, என்னைப் பார்க்காமல் வைத்திருந்தது ஒரு மணி ஐம்பது நிமிடம்.

ஏப்ரல் 20, திங்கள்

கத்தரிக்கோல் வண்டிக்குத் திரும்பிவிட்டாள். போனில் சொன்னாள். “இருங்க ஐயா, கூப்பிடுறாங்க” என்று வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கும் கடிதம் வந்தது. ‘வருத்தத்திற்குரிய தகவல் இடைவெளி’ என்று எழுதியிருக்கிறார்கள். மன்னிப்பு என்ற சொல்லை விரல் வைத்து இரண்டு முறை தேடினேன். இல்லை.

மே 14, வியாழன்

ஆம்புலன்ஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு. பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என்னை இல்லை, வீட்டுக்காரியை!

கால் போனது யாருக்கு? படிக்கக் கற்றது யார்? மைக் இல்லாமல் கத்தியது யார்? கேட்டால் கத்தரிக்கோல் சிரிக்கிறாள். “உங்கள நாங்க பாத்துக்குவோம் ஐயா. பக்கத்துல நிக்கிறவங்கள எப்படிப் பாத்துக்கறதுன்னு அம்மாதான் சொல்லணும்.”

வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காவலாளி வந்து யார் என்று கேட்டான். “உள்ள பேசுறாங்களே, அவங்க வீட்டுக்காரர்” என்றேன். நாற்பது வருடம் கல் தூக்கியவனுக்கு இப்போது இதுதான் உத்தியோகம்.

“எப்படிப் பேசினேன்?” என்று வரும் வழியில் கேட்டாள்.

“கதவு சாத்தியிருந்துச்சு. ஒண்ணும் கேக்கல.”

பொய். கதவில் ‘சாயாதே’ என்று எழுதியிருந்தது. சாய்ந்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

அடுத்த மாதமும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளை.